மூன்று விநாடி

செந்தூலில், எல்.ஆர்.டி. பாலத்துக்குக் கீழே
எங்கள் களம்.
சிவப்புக் கோடு ஃபுட்சாலுக்கு,
மஞ்சள் பூப்பந்துக்கு,
எங்களுடையது வெள்ளை, பாதி அழிந்துவிட்டது.
வியாழன் இரவு எட்டரைக்கு
எது நம் கோடு என்று கண்டுபிடிப்பதே
முதல் ஆட்டம்.

என் மார்பில் டபிள்யூ டி.
போன வாரம் யாரோ போட்டு நனைத்த துணி,
துவைத்தும் போகாத அவள் வியர்வை.
இந்த எழுத்தைக் கட்டிக்கொண்டவள்
எதிர்ப்பக்க வளையத்தை நெருங்கக் கூடாது.
விதி அப்படி.
பதினான்கு வயதிலிருந்து வலைப்பந்து ஆடுகிறேன்,
நாற்பத்து மூன்று ஆகிறது,
ஒரு கோல் போட்டதில்லை.
கணக்குத் தாளில் என் பெயர் ஏறுவது
தப்பு செய்தால்தான்.

இதையெல்லாம் நாவலோடு சேர்த்துப் பேசக் கூடாதென்று
எனக்கே நான் சொல்லி வைத்திருந்தேன்.
விளையாட்டிலிருந்து பாடம் எடுக்கிறவர்களை
அலுவலகக் கூட்டங்களில் நிறையப் பார்த்தாயிற்று.
கோட்டு மாட்டிக்கொண்டு வருவார்கள்,
முடிவில் எல்லாருக்கும் கறிபாப்.

ஆனால் பதினோராம் அத்தியாயம்
எட்டு மாதமாக என் கையில்.
அதில் ரூபவதி என்றொருத்தி
கிள்ளான் வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்கிறாள்.
மழை என்று எழுதினேன். நிற்கிறாள்.
மழையை நிறுத்தினேன். நிற்கிறாள்.
டாக்சியே வந்து ஹாரன் அடித்தது,
பெட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்,
அவ்வளவுதான்.

(அவள் என் நாத்தனார் இல்லை.
நாத்தனாரிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்கிறேன்,
களத்தில் எதிராளியை மறிக்கிற மாதிரி,
கை நீட்டலாம்,
தொட்டால் விசில்.)

பந்து கைக்கு வந்துவிட்டால்
ஓட முடியாது எங்கள் ஆட்டத்தில்.
இறங்கின கால் இறங்கின இடத்தில்.
மூன்று விநாடிக்குள்
அது இன்னொருத்தியிடம் போயாக வேண்டும்.
அன்றைக்கு எனக்கு வந்தது.
ரொஹானியை மறித்திருந்தார்கள்.
யோகேஸ் குனிந்து
சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்,
ஆட்டத்தின் நடுவில். யோகேஸ் அப்படித்தான்.
ஒன்று.
மேலே ரயில்.
இரண்டு.
விசில்.
"பந்து உன் வீட்டுதா, காக்?" என்றாள் ரொஹானி,
மலாயில், மூச்சு வாங்க.
சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த முறை யோசிக்கவில்லை,
யாருமில்லாத மூலைக்கு வீசினேன்.
யீ லின் ஓடி வந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை.
வரவில்லை.
பந்து நேரே லோங்காங்கில் விழுந்தது.
குச்சியால் இழுத்து, குழாயில் கழுவி,
அந்த நாற்றத்தோடு மீதியை ஆடி
பதினெட்டுக்குப் பதினொன்று தோற்றோம்.

மோட்டார் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியபோது
யீ லின் கேட்டாள்,
கண்ணுக்குக் கீழே என்ன கருப்பு,
ராத்திரியெல்லாம் என்ன செய்கிறாய்?
அவள் பல் மருத்துவமனைத் தாதி.
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
என் மலாயோ கடையில் வெங்காயம் வாங்குகிற மலாய்.
ஒருத்தி, என்றேன். பெட்டி. வாசல்.
போகமாட்டேன் என்கிறாள்.
மூன்று விநாடிகூட ஆகவில்லை,
எட்டு மாதம் அதற்குள் முடிந்துவிட்டது.

ஐஸ் மைலோவின் ஸ்ட்ராவைக் கடித்தபடி
அவள் கேட்டாள்:
"பெட்டிக்குள் என்ன?"

நான் திறந்து பார்த்ததே இல்லை.

இரவு ஒன்றரைக்குத் திறந்தேன்.
சின்னச் சட்டைகள். பள்ளிச் சீருடை.
பெயர் எழுதின காலுறை.
அவளுடையது ஒன்றுகூட இல்லை.
போகவேண்டியவள் உள்ளே
தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாலு பக்கம் வந்தது.
நன்றாக இருக்கிறதா, தெரியாது.
புத்தகமானால் யீ லினுக்கு ஒன்று கொடுப்பேன்,
புரட்டி, தாளை மோந்து பார்த்து,
அலமாரியில் வைப்பாள்.

மறு வியாழன் அவளிடம் சொன்னேன்,
பிள்ளையுடைய துணி.
தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே
"ஓ" என்றாள்.
"அப்போ அந்தப் பிள்ளையை யார் எழுப்புவது?"

நான் வாய் திறப்பதற்குள்
விசில் ஊதிவிட்டார்கள்.